ஒன்பது கன்னங்களில் பிளாஸ்டர்

ஒன்பது ஆண்கள் சுவரோரமாக வரிசையில் நிற்கிறார்கள். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். எல்லோரும் உயரம், எல்லோரும் மெலிவு. ஒவ்வொருவருடைய இடது கன்னத்திலும் காதடியிலிருந்து வாயோரம் வரை வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறது.

வெளியே மழை பெய்து ஓய்ந்திருந்தது. கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தின் பின்பக்கத்தில் இருந்த அந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதன் வழியாக வந்த வெளிச்சம் அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில் இருந்தது. ஈரச் சட்டைகளும் பழைய கோப்புகளும் யாரோ நெஞ்சில் பூசியிருந்த தைலமும் சேர்ந்து மணத்தன. எங்கோ ஒரு காகம் விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது.

அந்த ஒன்பது பேரில் ஒருவர் என் கட்சிக்காரர். மற்ற எட்டுப் பேரும் அரை மணித்தியாலத்துக்கு முன்புவரை தங்கள் பாட்டுக்குத் தெருவில் போய்க்கொண்டிருந்தவர்கள். ஒருவர் ஒருகொடவத்தையில் கொள்கலன் லொறி ஓட்டுபவர். ஒருவர் களனியிலிருந்து காணி வழக்குக்கு வந்த ஓய்வுபெற்ற தபால்காரர். ஒருவர் பக்கத்துத் தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நாநா. உயரமும் வயதும் பொருந்துகிறது என்று பொலிஸார் கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தார்கள்.

பிளாஸ்டரை நான்தான் வாங்கி வந்திருந்தேன். கத்தரிக்கோல் இல்லாததால் பல்லால் கடித்துக் கிழித்துக் கொடுக்க, ஒரு சார்ஜன்ட் ஒவ்வொரு கன்னமாக ஒட்டிக்கொண்டு போனார். மூன்றாவது கன்னத்தில் நிறுத்தி, “மே மொகட்டத சேர்?” என்று கேட்டார். இது எதற்கு என்று சிங்களத்தில் கேட்கிறார். நீதவான் அம்மாவின் கட்டளை என்று அவருடைய கதிரையைக் காட்டினேன்.

நாநாதான் அதிகம் நொந்துபோனார். “லோயர் சேர், ஊட்ட போய் பொஞ்சாதிக்கி என்னத்த செல்ற? எவளோ கன்னத்துல அறஞ்சிட்டான்னு நெனப்பா.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அந்த அறையில் அன்று ஒரு மனிதனின் மிச்ச வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது.

எல்லோரும் எழுந்து போனபின்

சொல்ல வந்ததை விட்டுவிட்டு இந்தப் பத்தியில் நான் எங்கெங்கோ அலைவதாகத் தெகிவளை வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மைதான். இந்த வயதில் நினைவு, காலி வீதி பஸ் மாதிரி நினைத்த இடத்தில் நின்று ஆள் ஏற்றுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், எப்படியும் கோட்டைக்குப் போய்ச் சேரும்.

நீதிமன்றத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் மின்விசிறிக்கு நேர்கீழே உள்ள கதிரை. சட்டத்தரணிகளின் மேசையில் அதைப் பிடிப்பதற்காகவே எட்டரைக்கெல்லாம் போய்விடுவேன். பதினொரு மணிபோல அங்கே ஒரு அரைத்தூக்கம் வரும். கண் மூடியிருக்கும், காது மட்டும் என்னுடைய வழக்கு இலக்கத்துக்காகத் திறந்திருக்கும். நான் குடியிருக்கும் வெள்ளவத்தையின் கடலும் இந்த மண்டபத்தின் முணுமுணுப்பும் அந்த நேரத்தில் எனக்கு ஒன்றாகவே கேட்கும்.

அன்றும் அப்படித்தான். கண் விழித்தபோது பதினைந்து பேர் இருந்த மேசையில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. நீதவான் அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். கூண்டில் நிற்பவருக்காக யாராவது தோன்றுகிறீர்களா என்று அவர் கேட்கப்போவது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. என் கற்றறிந்த நண்பர்கள் ஒவ்வொருவராகத் தொலைபேசியைக் காதில் வைத்தபடி வெளியே நழுவிவிட்டார்கள். என்னை ஒருவரும் தட்டி எழுப்பவில்லை. அதை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

கூண்டில் நின்றவர் சற்குணம். கொட்டாஞ்சேனையில் இந்தப் பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. தலையாட்டி என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாலைக்கடைகளுக்குப் பூத் தொடுத்துக் கொடுத்துப் பிழைக்கும் தனி ஆள். அறுபத்தேழு வயது, மூச்சிழுப்பு நோய், இடது கன்னத்தில் ஒரு நீளத் தழும்பு.

குற்றச்சாட்டு, கோயிலில் களவு. எந்தக் கோயில் என்று சொல்லப்போவதில்லை. ஒரு நாள் விடியற்காலை அம்மனின் தாலியும் இரண்டு சங்கிலியும் காணாமல் போயின. செருப்பு வைக்கும் இடத்தில் வேலை செய்த ஒரு பெண், உயரமான வயதான ஒருவர் பக்கக் கதவால் துவாயில் எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு போனதைக் கண்டிருக்கிறாள். அவள் மலைநாட்டிலிருந்து வந்து இரண்டு கிழமைதான். ஆளைத் தெரியாது. அவளுக்குத் தெரியாவிட்டால் என்ன, கோயில் சபைக்குத் தெரிந்துவிட்டது. அம்மன் கழுத்தில் கை வைக்க வேறு எவனுக்கு மனம் வரும் என்றார்கள்.

நான் எழுந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வேறு வழக்கு இருக்கிறது அம்மா என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் சற்குணம் என்னைப் பார்த்துத் தலையை இடம் வலமாக மெல்ல அசைத்தார். வேண்டாம் என்றார்.

எனக்குக் கெட்ட குணம் ஒன்று உண்டு. யாராவது வேண்டாம் என்றால் உடனே வீம்பு வந்துவிடும். எழுந்து, “சந்தேகநபருக்காக நான் தோன்றுகிறேன்” என்றேன். சொன்ன பிறகுதான் முழுத் தூக்கமும் கலைந்தது.

சாக்குக்குள் இருந்தவர்

இளைய வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் காலத்தில் தலையாட்டி என்பது ஒரு மனிதரின் பெயர் அல்ல, ஒரு வேலை.

அப்போது நான் வெள்ளவத்தையில் கடற்பக்கம் ஒரு லொட்ஜில் இருந்து சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். என் அறையில் யோகன். கணக்கியல் படிக்க வந்தவன், என்னைவிட இரண்டு வயது குறைவு. காலையில் எழுந்ததும் தலையணையைத் தட்டிச் சரிபண்ணாமல் அறையை விட்டு வெளியே வரமாட்டான். எதற்கெடுத்தாலும் தங்கச்சி வசந்தியைப் பற்றிக் கதைப்பான். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது.

அந்த நாட்களில் இயக்கத்தில் இருப்பவர்களைத் தேடி இராணுவத்தின் சுற்றிவளைப்பு அடிக்கடி நடக்கும். அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி லொட்ஜ் பிள்ளைகள் எல்லோரும் ஒழுங்கை வாசலில் குந்தியிருப்போம். தண்டவாளத்துக்கு அப்பால் கடல் ஒன்றும் நடக்காததுபோல அலை அடித்துக்கொண்டிருக்கும். ஒரு ஜீப் வந்து நிற்கும். அதில் தலையில் சாக்குப் போட்ட ஒருவர் இருப்பார். சாக்கில் இரண்டு துளைகள். ஒவ்வொருவராக அவர் முன்னால் போய் நிற்க வேண்டும். சாக்கு ஆடாவிட்டால் அறைக்குப் போய்த் தேத்தண்ணி குடிக்கலாம். ஆடினால் மறுபக்கம் நிற்கும் வாகனத்தில் ஏற வேண்டும்.

ஒரு காலை எனக்கு முன்னால் யோகன் நின்றான். சாக்கு ஆடியது. அடுத்து நான் போய் நின்றேன். சாக்கு ஆடவில்லை.

அவ்வளவுதான் விசாரணை. சாக்குக்குள் இருப்பவர் யார் என்று யாரும் சொல்லவில்லை. இவன் என்ன செய்தான் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. யோகனையும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு துண்டுக் கடதாசியில்கூட ஒருவரும் எதையும் எழுதவில்லை. யோகன் வாகனத்தில் ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, கதவைப் பூட்டிக்கொள் என்பதுபோலக் கையைத் திருகிக் காட்டினான். பிறகு அவனை யாரும் காணவில்லை.

அதன்பின் சில வருடங்கள் கழித்துத்தான் ஒரு பேச்சுக் கிளம்பியது. அன்றைக்கு ஜீப்பில் இருந்தது கொட்டாஞ்சேனைச் சற்குணம். எப்படித் தெரியும்? ஆள் உயரம். அந்த நாட்களில் அவரையும் பிடித்துக்கொண்டு போனார்கள், அவர் திரும்பி வந்துவிட்டார். திரும்பி வந்ததுதான் அவருக்கு எதிரான முழுச் சாட்சியமும்.

நானும் நம்பினேன். சட்டம் படித்தவன், அதைக் கொண்டு பிழைப்பவன், கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன். கொட்டாஞ்சேனையில் அவர் எதிரே வந்தால் வீதியின் மறுபக்கம் மாறிவிடுவேன். ஒருமுறை அவருடைய சைக்கிள் சரிந்து பூக்கள் எல்லாம் தண்ணீரில் சிந்தின. சுற்றி நின்ற ஒருவரும் குனியவில்லை. சுற்றி நின்றவர்களில் நானும் ஒருவன். அப்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

பொறுமையாக இருந்திருக்கலாம்

வழக்கில் தோன்றிய இரண்டாம் நாள் என் மனைவி தன் தொலைபேசியை என் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இஞ்சாருங்கோ, இது உங்கட ஆள்தானே?”

கோயில் பெண்கள் குழுவில் வந்த படம். சற்குணத்தின் இடதுபக்கம், தழும்பு பளிச்சென்று தெரியும்படி. அம்மன் நகை திருடிய தலையாட்டி, எல்லோருக்கும் பகிருங்கள் என்று கீழே போட்டிருந்தது. முந்நூறு பேர் கும்பிடும் கையைப் போட்டிருந்தார்கள்.

“ஊருக்குள்ள வேற ஆளே கிடைக்கேல்லையோ உங்களுக்கு?” என்றாள். கோபத்தோடுதான் என் கறுப்புக் கோட்டை இஸ்திரி போட்டுக் கொழுவி வைத்தாள்.

அன்று மாலை வசந்தியின் குரல் பதிவு வந்தது. அவள் இப்போது டொரண்டோவில். பேரப்பிள்ளை கண்டுவிட்டாள். அண்ணன் போனபிறகு என்னைத்தான் அண்ணா என்று கூப்பிடுவாள். பிறந்தநாளுக்கும் பொங்கலுக்கும் அழைக்கத் தவறமாட்டாள்.

“அண்ணா, கேள்விப்பட்டனான். வேற ஆரும் எண்டால் எனக்கு ஒண்டுமில்லை. நீங்கள் எங்கட அண்ணாவோட ஒரே றூமில இருந்தனீங்கள். நீங்கள் ஏன் அண்ணா? இனி எனக்குப் போன் எடுக்காதேங்கோ.”

அந்தப் பதிவை மூன்று தரம் கேட்டேன். ஒவ்வொரு தரமும் பின்னால் ஏதோ ஒரு பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

சிறையில் போய்ச் சற்குணத்தைப் பார்த்தேன். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் மூச்சு வாங்க நின்றார். களவெடுத்தீர்களா என்று நேராகவே கேட்டேன். “இல்லை சேர்” என்றார். ஏன் அன்றைக்கு என்னை வேண்டாம் என்றீர்கள் என்று கேட்டேன்.

“நீங்கள் வெள்ளவத்தை ஆள் எண்டு தெரியும். உங்களுக்கும் என்னைப் பற்றிச் சொல்லியிருப்பினம். பிறகு உங்களுக்கேன் கரைச்சல்?”

கேட்க வேண்டிய மற்றக் கேள்வி என் நாக்கு நுனியில் இருந்தது. கேட்கவில்லை. இந்த வழக்குக்குத் தொடர்பில்லாத விஷயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சட்டத்தரணிகளுக்குச் சாட்டுச் சொல்லக் கற்றுத்தர வேண்டியதில்லை.

பொலிஸார் அடையாள அணிவகுப்புக்கு விண்ணப்பித்தார்கள். சாட்சி வந்து வரிசையில் நிற்பவர்களைப் பார்க்க வேண்டும். கண்ட ஆள் இருந்தால் தொட்டுக் காட்ட வேண்டும். அவள் சற்குணத்தைத் தொட்டுவிட்டால் பிணை கிடையாது. வழக்கு முடிய எத்தனை வருடமோ. அந்த மூச்சை வைத்துக்கொண்டு அவர் விளக்கமறியலிலிருந்து உயிரோடு வெளியே வரமாட்டார் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

முந்திய நாள் பின்னேரம் தண்டவாளத்தைத் தாண்டிப் போய்க் கருங்கல்லில் உட்கார்ந்திருந்தேன். வெயில் சாய்ந்து கடல் முழுக்க மஞ்சளாக இருந்தது. அப்போது ஒரு எண்ணம் மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. நான் ஒரு பிழையும் செய்ய வேண்டாம். ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம். படம் ஊரெல்லாம் சுற்றியதை எழுந்து சொல்லாமல் விட்டால் போதும். அந்தத் தழும்பை மறைக்கும்படி கேட்காமல் விட்டால் போதும். தழும்புள்ள ஒருவர், தழும்பில்லாத எட்டுப் பேர். அந்தப் பெண் தொட்டுவிட்டுப் போவாள். வசந்தி மறுபடி என்னோடு கதைப்பாள். யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள்.

அந்த எண்ணம் எனக்கு இனித்தது. மறைக்க மாட்டேன்.

மறுநாள் காலை நூறாம் இலக்க பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தேன். மழை தொடங்கியிருந்தது. பம்பலப்பிட்டியில் ஒரு பார்மசி திறந்திருந்தது. பஸ் நின்றது, ஆட்கள் ஏறினார்கள், நடத்துநர் மணியை அடித்துவிட்டார். அந்த ஒரு கணத்தில், ஜீப்பின் முன்னால் நின்ற யோகனை நினைத்தேன். அன்றைக்கு அங்கே ஒரேயொரு ஆளாவது எழுந்து, பொறுங்கள், இவனை எப்படித் தெரியும் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்க ஒருவரும் இல்லை. நானும் கேட்கவில்லை.

“பஹினவா, பஹினவா!” என்று கத்திக்கொண்டு ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்கினேன். என் வயதுக்கு அது கூடாத வேலை. நடத்துநர் என்னைத் திட்டியது நியாயம்தான்.

தழும்பு எங்கங்க?

சற்குணத்தைச் சிறை வாகனத்திலிருந்து இறக்கிக் கொண்டுவந்தபோது அவர் தலையைத் துணிப்பையால் மூடியிருந்தார்கள். சாட்சி முன்கூட்டியே முகத்தைக் கண்டுவிடக் கூடாது என்பதற்காகச் செய்வது. முறைப்படி சரியானது. ஆனால் அந்த ஈரமான வளவுக்குள் அந்த உயரமான உருவம் மூடிய தலையோடு என்னை நோக்கி நடந்து வந்தபோது எனக்கு அந்தச் சாக்குதான் தெரிந்தது. அன்றைக்குக் காட்டிக்கொடுப்பவரின் தலை மூடியிருந்தது. இன்றைக்கு மாட்டிக்கொண்டவரின் தலை மூடியிருந்தது. இரண்டும் ஒரே தலைதானா என்று எனக்குத் தெரியவில்லை.

அறைக்குள் பையை எடுத்தார்கள். படம் பரவியது பற்றிய என் ஆட்சேபனையை நீதவான் அம்மா பதிந்துகொண்டு, பிளாஸ்டர் கேட்டதற்கும் சம்மதித்திருந்தார். ஒன்பதாவது துண்டை நானே சற்குணத்தின் கன்னத்தில் ஒட்டினேன். தழும்பு விரலுக்குக் கீழே கயிறு மாதிரி இருந்தது. அது எப்படி வந்தது என்பதற்கு ஊரில் இரண்டு வீரக் கதைகள் உண்டு. சைக்கிளில் இருந்து விழுந்தது என்று அவர் எனக்குச் சொல்லியிருந்தார்.

“எந்த இடத்தில் நிற்க விருப்பம்?” என்று நீதவான் கேட்டார். இடத்தைத் தேர்வது சந்தேகநபரின் உரிமை. சற்குணம் விளங்காமல் என்னைப் பார்த்தார். உங்களுக்கு எங்கே விருப்பமோ அங்கே நில்லுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு நாநாவுக்கும் தபால்காரருக்கும் நடுவில் போய் நின்றார். நாநா ஒரு அடி விலகி இடம் கொடுத்தார்.

சாட்சியை அழைத்தார்கள். செல்வராணி, நாற்பது வயதிருக்கும். கைப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தாள். வாசலில் நின்று வரிசையைப் பார்த்தாள். ஒன்பது வெள்ளைப் பிளாஸ்டர்களும் அந்த மங்கல் வெளிச்சத்தில் தனியே மிதப்பதுபோல எனக்குத் தோன்றியது. அவளுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். வாய் திறந்தபடி நின்றாள்.

நீதவான் கேட்டதை நீதிமன்ற முதலியார் தமிழில் சொன்னார். முதலியார் என்பது சாதி இல்லை, எங்கள் நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பவரை அப்படித்தான் அழைப்போம். “அன்றைக்கு நீங்கள் கண்டவர் இதிலே இருந்தால் தொட்டுக் காட்டுங்கள். இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லுங்கள்.”

அவள் முதலாம் ஆளிலிருந்து ஒன்பதாம் ஆள்வரை நடந்தாள். திரும்பி வந்தாள். பிறகு நீதவானைப் பார்த்து, பெரிய சங்கடத்தோடு கேட்டாள்.

“அம்மா, தழும்பு எங்கங்க? இந்த பிளாஸ்டர எல்லாம் கழட்டச் சொல்லுங்கம்மா, அப்பத்தானே தெரியும்.”

முதலியார் ஒரு கணம் தயங்கி, அதை அப்படியே சிங்களத்தில் சொன்னார். நீதவான் பேனாவைக் கீழே வைத்தார்.

“எந்தத் தழும்பு?”

“கன்னத்துல வெட்டுத் தழும்பு இருக்கவருதானுங்களே. போன்ல காட்டுனாங்க.”

“யார் காட்டியது?”

“கோயில் ஐயாமாருங்க. இவருதான், நல்லா மனசுல பதிச்சிக்கன்னு மூணு நாளா காட்டுனாங்க.”

“அன்று காலை நீங்கள் கண்டவருக்குத் தழும்பு இருந்ததா?”

செல்வராணி யோசித்தாள். அந்த யோசனை எவ்வளவு நேரம் நீடித்தது என்று எனக்குத் தெரியாது. காகம் கத்துவதை நிறுத்தியிருந்தது. சற்குணத்தின் மூச்சு விசில் மாதிரிக் கேட்டது. நீதவான் அவசரப்படுத்தவில்லை. கேள்வியையும் பதிலையும் தன் கையாலேயே எழுதினார். ஒவ்வொரு எழுத்தும் கடதாசியில் உரசுவது கேட்டது. எத்தனையோ வருடமாக நான் சலித்துக்கொண்ட அந்த மெதுவான எழுத்து, அன்றைக்கு எனக்கு அழுகையை வரவழைத்தது.

“அத யாரும் கேக்கலியேம்மா,” என்றாள் செல்வராணி கடைசியில். “அவரு திரும்பிப் பாத்தாரு, லைட்டு வெளிச்சம் மூஞ்சில பட்டுச்சு. தழும்பு… இல்லீங்க.”

“அப்படியானால் தழும்பை மறந்துவிடுங்கள். முகங்களைப் பாருங்கள்.”

அவள் மறுபடி நடந்தாள். இந்த முறை ஒவ்வொரு முகத்தின் முன்னாலும் நின்றாள். சற்குணத்தின் முன்னால் நின்றது மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம். நான் என்ன எதிர்பார்த்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. கையை உயர்த்தாதே என்று ஒரு மனம் கெஞ்சியது. இன்னொரு மனம் இன்னமும் அந்தக் கருங்கல்லிலேயே உட்கார்ந்திருந்தது.

“இல்லீங்கம்மா. நான் பாத்தவரு இதுல இல்லீங்க. போன்ல பாத்ததையும் நேர்ல பாத்ததையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்கிட்டேன். மன்னிச்சிக்கங்க.”

அவள் யாரிடம் மன்னிப்புக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது. வரிசையில் நின்ற சற்குணம்தான் தலை குனிந்தார். அடுத்த கிழமை செல்வராணிக்குக் கோயில் வேலை இல்லாமல் போயிற்று. இப்போது வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருக்கிறாள். என்னைக் கண்டால் ஒரு வடை கூடுதலாக வைப்பாள்.

ஆர் கேட்டவை?

இரண்டு தவணை கழித்து, வேறு சான்று இல்லை என்று பொலிஸார் சொல்ல, சற்குணத்தை விடுவித்தார்கள். அம்மனின் தாலி இன்றுவரை கிடைக்கவில்லை. எடுத்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. அது தெரியாது என்று சொல்லக்கூடிய நிலைக்கு ஊரைக் கொண்டுவரக்கூட என்னால் முடியவில்லை. லோயர் பிளாஸ்டரை ஒட்டிக் கள்ளனைத் தப்ப வைத்துவிட்டார் என்றுதான் இன்னமும் கதை.

விடுதலையான அன்று, நீதிமன்றத்துக்கு வெளியே உள்ள தேநீர்க்கடையில் உட்கார்ந்தோம். மத்தியான வெயில். அவர் தேத்தண்ணியை ஆற்றி ஆற்றிக் குடித்தார். நான் எழும்பப் போகும்போது சொன்னார்.

“தம்பி, நீங்கள் ஒண்டு கேக்கேல்லை.”

முதல் தடவையாக என்னைத் தம்பி என்றார். நான் மறுபடி உட்கார்ந்தேன். கேட்டேன்.

“அந்தச் சாக்குக்குள்ள இருந்தது நீங்களோ?”

“ஓம். மூண்டு நாள் இருந்தனான்.”

கடைக்காரர் வானொலியில் ஏதோ ஒரு சிங்களப் பாட்டை வைத்திருந்தார். அது எங்கோ தூரத்தில் போனது.

“சாக்கில ரெண்டு ஓட்டை இருந்தது. ஒண்டு நெத்தியில, மற்றது காதடியில. அவங்கள் அதைச் சரியாப் போடேல்லை, எனக்கும் சரிபண்ண ஏலாது, கை கட்டியிருந்தது. முன்னால ஆர் வந்து நிக்கினம் எண்டு எனக்குத் தெரியாது தம்பி. எனக்குப் பின்னால ஒருத்தன் துவக்கோட இருந்தவன். முதுகில இடிப்பான். இடிச்சாத் தலை ஆடும். ஆரை இடிக்கிறது எண்டது அவன்ர விருப்பம்.” கொஞ்சம் நிறுத்தி மூச்சை இழுத்தார். “ஆனா ஆடினது என்ர தலைதானே.”

“வெள்ளவத்தையிலயோ?”

“இடம் தெரியாது. ஒரு இடத்தில கடல் இரைஞ்சது. தண்டவாளத்தில ரெயின் போனது.”

“உங்களை ஏன் விட்டவங்கள்?”

“தெரியேல்லை. அதைத்தான் நானும் ஒவ்வொரு நாளும் யோசிக்கிறன்.”

இது உண்மையா? எனக்குத் தெரியாது. முப்பது வருடத்துக்கு மேல் ஒரு மனிதன் தனக்குத் தானே ஒரு கதையைத் தொடுத்து வைத்திருக்கலாம். பூத் தொடுப்பவர்தானே. குறுக்கு விசாரணை செய்யச் சொன்னால் இருபது கேள்வி என்னிடம் இருக்கிறது. பதில்களைச் சரிபார்க்க ஒரு துண்டுக் கடதாசி இல்லை, ஒரு சாட்சி இல்லை. அந்தக் காலையில் ஒருவரும் எதையும் எழுதாமல் விட்டதற்கு யோகனோடு சேர்ந்து இவரும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“இதை ஏன் இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?”

அவர் என்னை வியப்போடு பார்த்தார்.

“ஆர் கேட்டவை?”

அன்று பின்னேரம் வீட்டு மாடியில் நின்று வசந்திக்குத் தொலைபேசி எடுத்தேன். எடுக்க வேண்டாம் என்று சொன்ன இலக்கத்துக்கு. அங்கே காலை. ஆறாவது மணியடிப்பில்தான் எடுத்தாள்.

“வசந்தி, நான்.”

“தெரியும். அந்தாளை விட்டாச்சாம்.”

“ஓம்.”

“சந்தோஷமோ?”

“இல்லை. வசந்தி, நான் அவரிட்டக் கேட்டனான்.”

நான் தொடர்ந்தேன். அவர் சொன்னது உண்மையோ எண்டு எனக்குத் தெரியாது, நான் நம்பச் சொல்லிச் சொல்லேல்லை, கேக்க விருப்பமில்லையெண்டால் வைச்சிடுறன் என்றேன்.

எவ்வளவு நேரம் போனதோ. வைத்துவிட்டாள் என்று நினைத்துத் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வைக்கவில்லை.

“அந்தாள் கெட்டவன் எண்டுதான் நான் இப்பவும் நினைக்கிறன்,” என்றாள்.

“சரி.”

“நான் குறுக்க கதைக்க மாட்டன். நீங்களும் உங்கட கதை ஒண்டையும் சேர்க்காதேங்கோ. அந்தாள் சொன்னதை, சொன்ன மாதிரியே, முழுக்கச் சொல்லுங்கோ. பொறுங்கோ.”

அந்தப் பக்கத்தில் அடுப்பை அணைப்பது கேட்டது. கதவு ஒன்றைச் சாத்தினாள். தரையில் ஒரு கதிரை இழுபட்டது. அவள் உட்கார்ந்தாள்.

“இனிச் சொல்லுங்கோ அண்ணா,” என்றாள்.